சித்தேரிக்கு ஒரே ஒரு டிக்கெட்

அரூர் பேருந்து நிலையத்தில் நாற்பத்தைந்து வயதைக் கடந்த ஒரு பெண் தனியாகப் பஸ் ஏறினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மகளின் பிரசவத்துக்குச் சேலம். மாமியாரின் கண் ஆபரேஷனுக்குத் தருமபுரி. தங்கை வீட்டுக் காதுகுத்துக்கு ஊத்தங்கரை. அமாவாசை என்றால் தீர்த்தமலை. காரணம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குக் கேள்வி குறையும். இழவு வீடு என்றால் கேள்வியே கிடையாது, நடுராத்திரியிலும் கிளம்பலாம். ஆனால் அதே பெண், "ஒரு வேலையும் இல்ல, சித்தேரிக்குப் போய் ஒரு நாள் இருந்துட்டு வரேன், கூட யாரும் வேணாம்" என்று சொன்னால் வீடு திகைத்துப்போகும். கணவருக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். பெங்களூரில் வேலையில் இருக்கும் பிள்ளை அன்று ராத்திரியே போன் போட்டு, "ஏம்மா, அப்பாகூட ஏதாவது சண்டையா?" என்று கேட்பான்.

சண்டை ஒன்றும் இல்லை. இருபது, இருபத்தைந்து வருடம் ஒரு வீட்டைச் சுமந்தவருக்கு, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, யாருக்கும் எதையும் எடுத்துவைக்காமல் ஒரு மலையடியில் நடக்கத் தோன்றுவது இயல்பான ஆசை. அந்த ஆசைக்குக் கோயிலையோ டாக்டரையோ சாக்காகச் சொல்ல வேண்டிய நிலை இருக்கக் கூடாது. அந்த முதல் மலை மணாலியாகவோ கேதார்நாத்தாகவோ இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அரூர்க்காரர்களுக்கு அது மொட்டை மாடியிலிருந்தே தெரிகிறது.

ஊரின் அமைப்பு அப்படி. தெற்கே சித்தேரி மலைத்தொடர், அதற்கும் அப்பால் கல்வராயன் மலை, தென்மேற்கே சேர்வராயன், வடகிழக்கே தீர்த்தமலை. சேலத்துக்குப் போகும் பஸ் மஞ்சவாடி கணவாயில் மலைகளின் இடுக்கில் புகுந்துதான் போகிறது. மஞ்சளும் மரவள்ளியும் விளைகிற இந்தத் தரை கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 350 மீட்டர். சித்தேரி ஆயிரம் மீட்டரை ஒட்டி நிற்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் அரூரில் வெயில் கொளுத்தும் நாளிலும் மேலே நான்கு டிகிரியாவது குறைந்திருக்கும். ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இப்படி ஒரு இடம் இருந்தும், கல்யாணமாகி அரூருக்கு வந்த பல பெண்களுக்கு அந்த மலை துணி காயப்போடும்போது கண்ணில் படுவதோடு சரி.

ஊர் மலையில் தொடங்குவது சின்ன விஷயம் அல்ல என்பதற்கு ஜாம்ஷெட்பூர்க்காரர் ஒருவர் சாட்சி. பிரேமலதா அகர்வால் 1963-ல் டார்ஜிலிங்கில் பிறந்தவர். மணமாகி ஜாம்ஷெட்பூருக்கு வந்தார். இரண்டு பெண் குழந்தைகள். 36 வயது வரை மலையேற்றம் என்று எதையும் செய்ததில்லை. 1999-ல், ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் டால்மா மலையில் நடந்த ஒரு நடைப்போட்டியில் கலந்துகொண்டு பரிசு வாங்கினார். டால்மாவின் உயரமும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர்தான், நம் சித்தேரியைப் போல. அந்தப் போட்டி வழியாக, எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பாலின் அறிமுகம் கிடைத்தது. பயிற்சி, சின்னச் சின்னச் சிகரங்கள், இடையில் குடும்பம் என்று பன்னிரண்டு வருடம் ஓடியது. 2011 மே 20 அன்று, 48 வயதில், எவரெஸ்ட் உச்சியில் நின்றார். 2013 மே மாதம் அலாஸ்காவின் தெனாலியையும் ஏறி, ஏழு கண்டங்களின் உயரமான சிகரங்களையும் தொட்ட முதல் இந்தியப் பெண் ஆனார். அதே வருடம் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

எவரெஸ்ட் எல்லோருக்கும் வேண்டாம். பிரேமலதாவின் வாழ்க்கையிலிருந்து அரூர்ப் பெண்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது 1999-ல் நடந்ததை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மலை இருந்தது, ஒரு அறிவிப்பு கண்ணில் பட்டது, பெயர் கொடுத்தார், நடந்தார்.

இன்னும் கிட்டத்தில், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் தையல் தொழில் செய்யும் 59 வயதுப் பெண் ஒருவர், 2025 பிப்ரவரியில் 5,364 மீட்டர் உயரத்தில் உள்ள எவரெஸ்ட் அடிவார முகாமுக்குத் தனியாகப் போய்வந்தார். சில மாதங்கள் தினமும் நடந்தும் யூடியூப் பார்த்தும் தன்னைத் தானே தயார்செய்துகொண்டவர் அவர். மேலே போய்க் கசவுப் புடவையில் நின்று எடுத்த படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். தினமும் தையல் மெஷினில் கால் மிதித்துச் சம்பாதித்த காசில் போனார் என்பதுதான் அந்தப் படத்தைவிடப் பெரிது. நடுத்தர வயதில் தனிப் பயணம் என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு இவர் கதையைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் எம்மா கேட்வுட் இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர். 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், கணவரிடம் பல வருடங்கள் அடிபட்டு விவாகரத்து வாங்கியவர். 1955-ல், 67 வயதில், அப்பலாச்சியன் மலைத்தடம் முழுவதையும், ஏறத்தாழ 3,300 கிலோமீட்டரை, ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்தார். காலில் சாதாரணக் கேன்வாஸ் ஷூ. தோளில் வீட்டிலேயே தைத்த ஒரு பை. அதற்கு முந்தைய வருடம் முயன்று, கண்ணாடி உடைந்து, வழி தவறி, வனக் காவலர்கள் திருப்பி அனுப்பி வீடு திரும்பியிருந்தார். எங்கே போகிறோம் என்று பிள்ளைகளிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டு கிளம்பவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா என்பது சந்தேகமே.

ஏன் தனியாக? குடும்பத்தோடு போனால் ஆகாதா, நாலு பேர் சேர்ந்து வேன் பிடித்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், அந்தப் பயணங்களுக்கும் ஒரு சந்தோஷம் உண்டு. ஆனால் குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பும் நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறுபவர் யார்? பேரப்பிள்ளைக்குப் பிளாஸ்க்கில் வெந்நீர், மாமனாருக்குச் சுகர் மாத்திரை, கணவருக்குத் துண்டு, எல்லோருக்கும் பேப்பர் தட்டு என்று எடுத்துவைத்து, சாப்பிட்ட இடத்தைக் கூட்டிவிட்டுக் கடைசியாக வேனில் ஏறுபவர் யார்? அடுப்படி அவரோடு மலைக்கும் வருகிறது. மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டில் சம்பளமில்லாத வேலைகளைச் செய்யும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்கு 289 நிமிடமும், அவற்றைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்கிறது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம், அதுவும் தினமும். குடும்பச் சுற்றுலாவில் இந்த மணிக்கணக்கு குறையாது. தனியாகப் போனால்தான் குறையும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கு வெளியேயும் தனியாகப் போக அனுமதி உள்ள பெண்கள் நாட்டில் 42 சதவீதம் பேர். இங்கே 'அனுமதி' என்பதைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. ஐம்பது வயதில், பிள்ளைக்குக் கல்யாணம் செய்துவைத்த பிறகும், ஒருவர் வெளியே போக இன்னொருவர் சரி என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தருமபுரி மாவட்டத்தில் இன்று அந்த வயதில் இருக்கும் பெண்கள் எந்தக் காலத்தில் பிறந்தவர்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்த மண் இது. இங்கே பிறந்து, பிழைத்து, சின்ன வயதிலேயே தாலி கட்டிக்கொண்டு, ஐம்பதைத் தொட்டவர் ஒரு நாள் எனக்கு வேண்டும் என்று கேட்டால் அது அதிகமா?

பக்தி பெண்களுக்கு மலையைத் திறந்துவிட்டது என்பதை மறுக்கக் கூடாது. அரூரிலிருந்து 16 கிலோமீட்டரில் இருக்கும் தீர்த்தமலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ராவண வதம் முடிந்து திரும்பிய ராமர், சிவபூஜைக்கு நீர் வேண்டி அம்பெய்து பாறையில் ஊற்று வரவழைத்தார் என்பது தலபுராணம். அனுமன் தாமதமாகக் கொண்டுவந்து வீசிய தீர்த்தம் விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையில் உள்ள அனுமன்தீர்த்தம். அங்கே முழுகிவிட்டு ஈரத் தலையோடு தீர்த்தமலை ஏறுவது வழக்கம். ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் முழங்காலில் கை ஊன்றி, பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி, "இன்னும் கொஞ்சந்தான்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஏறுகிறார்கள். குரங்குக்குப் பயந்து தேங்காய்ப் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறார்கள். மேலே பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டும்போது அந்த முகங்களில் வரும் மலர்ச்சியைப் பார்த்தவர்களுக்கு, இவர்கள் சாமிக்காக மட்டும் ஏறி வரவில்லை என்று புரியும். தனியாக வந்த பெண்ணைப் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, "ஏம்மா, ஒண்டியாவா வந்தே?" என்று கேட்பார். "ஆமாங்க ஆயா, வேண்டுதல்" என்றால் போதும். அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பருவதமலையிலும் இதே நிலைதான். வேண்டுதல் என்று சொன்னால் கிடைக்கும் அந்த மரியாதை, வேண்டுதல் இல்லாமல் வந்தவருக்கும் கிடைக்க வேண்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது முதலில் கேலி பேசாத ஊர் இல்லை. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதில் உறுதியாக நின்றார். சைக்கிள் வாங்கக் கடன் கிடைத்தது. பயிற்சி முகாம்கள் நடந்தன. குவாரியில் வேலை செய்தவர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். ஒரு சில வருடங்களில் பெண் சைக்கிள் ஓட்டுவது பேச்சுக்குரிய விஷயமாகவே இல்லாமல் போனது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும் அதே வழியில் இன்னொரு படி. பிறகு நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கும் அதை விரிவாக்கப்போவதாக 2024 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. காசு கேட்டுக் கையேந்த வேண்டாம் என்று ஆனவுடன் எத்தனை பெண்கள் வீட்டுப் படி தாண்டினார்கள் என்பதை எந்த டவுன் பஸ்ஸிலும் பார்க்கலாம்.

பயம் என்று ஒன்று உண்டு. அது பொய்யல்ல.

அரூர்ப் பக்கத்தில் மலை, காடு, பெண் மூன்றையும் சேர்த்துப் பேசும் எவரும் வாச்சாத்தியைத் தாண்டிப் போய்விட முடியாது. சித்தேரி மலையடியில் உள்ள ஊர் அது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2011 செப்டம்பர் 29 ஆனது. அதற்குள் 54 பேர் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே வந்து பார்த்துவிட்டு, 2023 செப்டம்பர் 29 அன்று அந்தத் தண்டனைகளை உறுதிசெய்தார். முப்பத்தொரு வருடம் அந்தப் பெண்கள் வாக்குமூலத்துக்கும் வாய்தாவுக்கும் நடந்தார்கள். இளம் வயதில் தொடங்கிய நடை, நடுத்தர வயதையும் தாண்டி முடிந்தது.

அந்த மலையடிப் பெண்களுக்குக் காடு பயம் தரவில்லை. விறகுக்கும் புளிக்கும் தேனுக்கும் அவர்கள் பிறந்ததிலிருந்து அங்கேதான் நடந்தார்கள், பெரும்பாலும் தனியாகவே. காப்பாற்ற வேண்டியவர்களே கைவைத்ததுதான் அங்கே நடந்தது. ஆகவே மலைக்குத் தனியாகப் போகிறேன் என்று சொல்லும் பெண்ணிடம், "உனக்கெதுக்கு இந்த வம்பு" என்று சொல்வது கேள்வியை ஆள் மாற்றிக் கேட்பதாகும். வனத்துறைச் சோதனைச்சாவடியில் பெண் ஊழியர் உண்டா, மாலையில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது உண்மையிலேயே வருமா, மலை மேலே போன் சிக்னல் எங்கெங்கே கிடைக்கும், ஒரு சுத்தமான கழிப்பறை உண்டா என்ற கேள்விகளை அதிகாரிகளிடம் கேட்க வேண்டும். இவற்றுக்குப் பதில் இருந்தால் பாதி பயம் தானாகவே போய்விடும்.

தனியாகப் போவது வேறு, காட்டுக்குள் தனியாக நுழைவது வேறு. இதில் குழப்பம் கூடாது. காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குப் போன குழு காட்டுத்தீயில் சிக்கியதை மறக்க முடியாது. 23 பேர் உயிரிழந்தார்கள். இளம் பெண்கள் அவர்களில் அதிகம். குழுவாகத்தான் போனார்கள். கூட ஆள் இருந்தது அவர்களைக் காப்பாற்றவில்லை. காய்ந்த புல், தவறான பருவம், முறையான அனுமதி இல்லாத தடம் மூன்றும் சேர்ந்துகொண்டன. அதே வருடம் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள், ஆன்லைனில் பதிவு, அந்தந்த மலை மக்களிலிருந்தே பயிற்சி பெற்ற வழிகாட்டிகள், எளிது, நடுத்தரம், கடினம் என்ற பிரிவுகள், காட்டுத்தீக் காலத்தில் தடங்களை மூடிவைத்தல் என்று நன்றாகவே யோசித்துச் செய்யப்பட்ட திட்டம். தனியாக வருபவர் பதிவு செய்து, வழிகாட்டியோடு போய்த் திரும்பலாம்.

அந்த 14 மாவட்டங்களில் சேலம் இருக்கிறது, கிருஷ்ணகிரி இருக்கிறது, திருப்பத்தூர் இருக்கிறது. நடுவில் இருக்கும் தருமபுரி இல்லை. அரூரிலிருந்து ஒரு பெண் முறையான வழிகாட்டியோடு மலையேற வேண்டுமானால் பக்கத்து மாவட்டத்துக்குப் போக வேண்டும். சித்தேரி இருக்கிறது, வள்ளிமதுரையில் வரட்டாறு அணையை ஒட்டிய மலையடிவாரம் இருக்கிறது, சித்தேரிக்கும் கல்வராயனுக்கும் நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. கடினமான சிகரம் எதுவும் வேண்டாம். காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கக்கூடிய இரண்டு எளிய தடங்கள் போதும். அடுத்த முறை பட்டியலை விரிவாக்கும்போது தருமபுரியை விட்டுவிடக் கூடாது என்று அரூரின் சட்டமன்ற உறுப்பினரும் மாவட்ட வன அலுவலரும் கேட்க வேண்டும்.

உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதை ஒட்டி. எலும்பு தேய்வது அதற்குப் பிறகு வேகம் எடுக்கும். மலை ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதுமான உடல் உழைப்பு இல்லை என்றது. ஆண்களில் 42 சதவீதம். வீட்டு வேலையில் நாள் முழுவதும் நிற்பதும் குனிவதும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டிய உழைப்பு ஆகிவிடாது. கோவை வெள்ளியங்கிரியில் 2024 பருவத்தில் பல பக்தர்கள் ஏறும்போதே மூச்சுத் திணறியும் மாரடைப்பாலும் இறந்தார்கள். அது ஏழு மலை, சித்தேரியைவிட எவ்வளவோ கடினம். ஆனாலும் பாடம் ஒன்றுதான். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பாக அரசு மருத்துவமனையில் சுகர், பிரஷர் பார்த்துக்கொள்வது, தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பது, வாரத்தில் இரண்டு நாள் மாடிப்படி ஏறி இறங்குவது, முதல் பயணத்திலேயே ஒரு கைத்தடி எடுத்துக்கொள்வது. உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி எல்லாம் 2,500 மீட்டருக்கு மேல்தான். தமிழ்நாட்டில் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். சித்தேரியில் அந்தக் கவலை வேண்டாம்.

ஆண்களுக்கு இது வேண்டாமா என்றால், வேண்டும். நடுத்தர வயது ஆண்கள் ஒகேனக்கல்லுக்கும் ஏற்காட்டுக்கும் கார் நிறையக் கிளம்பிப் போய், குடித்துவிட்டுத் திரும்புவது இந்தப் பகுதியில் சுற்றுலா என்றே ஆகிவிட்டது. மனைவி ஒரு நாள் மலைக்குப் போகும்போது வீட்டில் இருந்து சோறு வடித்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்துப் பார்ப்பது அவர்களுக்கும் ஒரு புதிய அனுபவமாக இருக்கும். பிறகு அவர்களும் ஒரு நாள் தனியாகப் போய்வரட்டும்.

மலைக்குப் போகிறவர்கள் அங்கே வாழ்கிறவர்களை மறந்துவிடக் கூடாது. சித்தேரி வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல. சாமையும் ராகியும் விதைத்து, பாதி ஆண்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போய்விட, பெண்கள் காட்டையும் வீட்டையும் பார்த்துக்கொள்ளும் மலையாளிப் பழங்குடிகளின் ஊர். தருமபுரி மாவட்டத்தில் சாலை எட்டாத மலைக் கிராமங்கள் இன்றும் உண்டு. பிரசவ வலி வந்தவரைத் தொட்டில் கட்டித் தூக்கி இறக்கும் செய்தி வருடா வருடம் வருகிறது. சிட்லிங்கியில் 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி ஓலைக் கொட்டகையில் மருத்துவமனை தொடங்கியதே, பக்கத்தில் வேறு ஆஸ்பத்திரி இல்லாததால்தான். பின்னர் மலையாளிப் பெண்களையே பயிற்றுவித்துச் செவிலியர்களாக்கினார்கள். ஆகவே பயணிகளுக்காகக் கூடுதல் பஸ் விட்டால் அது முதலில் மலைக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும். சிக்னல் கோபுரம் வந்தால் 108-ஐக் கூப்பிட அது உதவ வேண்டும். வருகிறவர் பிளாஸ்டிக் பையை அங்கே விட்டுவிட்டு வரக் கூடாது. கேட்காமல் யார் வீட்டையும் படம் எடுக்கக் கூடாது. குடிக்கக் கொடுத்த கூழுக்கும் காசு கொடுத்துவிட்டு வர வேண்டும்.

இதற்கெல்லாம் வெளியூர் கம்பெனி எதையும் கூட்டிவர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதன்முதலாகத் தொடங்கியதே இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கணக்கு எழுதவும் கடன் திருப்பவும் முப்பது வருடத்துக்கு மேல் பழகிய பெண்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சித்தேரியில் ஒரு குழுவுக்கு இரண்டு அறையும் ஒரு கழிப்பறையும் கட்ட அரசு கடன் கொடுத்தால் போதும். சாமைச் சோறும் அவரைக் குழம்பும் சமைத்துப் போட, தடம் தெரிந்த ஒரு பெண்ணை வழிகாட்டியாகக் கூட அனுப்ப, ராத்திரி கதவைத் தாழிட்டுக்கொண்டு பக்கத்து அறையில் படுத்துக்கொள்ள அந்தக் குழுவுக்குத் தெரியும். பெண்கள் நடத்தும் தங்குமிடம் என்றால் அரூரில் உள்ள வீடுகளும் கொஞ்சம் சுலபமாகச் சரி என்று சொல்லும். வாடகை எவ்வளவு என்பதை அந்தக் குழுவே முடிவு செய்யட்டும். மழை ஓய்ந்து, காட்டுத்தீக் காலம் தொடங்குவதற்கு முன் மார்கழியும் தையும் இருக்கின்றன. முதல் வருடம் அந்த இரண்டு மாதம் மட்டும் திறந்துவைத்துப் பார்க்கலாம். அரூர் பேருந்து நிலையத்தில் சித்தேரி பஸ் புறப்படும் நேரமும், அங்கிருந்து கடைசி பஸ் திரும்பும் நேரமும், குழுவின் தொலைபேசி எண்ணும் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு போர்டு வைக்க வேண்டும். அதற்கு மாவட்ட ஆட்சியரின் ஒரு உத்தரவு போதும்.